பழைய டூரிங் பைக்கில் சார்ஜ் ஏறவில்லையா? காசைச் செலவழிக்கும் முன் மூன்று மஞ்சள் ஒயர்களைப் பாருங்கள்

பழைய டூரிங் பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானதுதான். ஒரு நாள் செல்ஃப் எடுக்காது. பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கிப் போடுவோம். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். அப்புறம் மறுபடியும் ரிலே மட்டும் 'டிக் டிக்' என்று அடிக்கும். யாராவது ரெக்டிஃபையர் (இன்ஜினில் உண்டாகும் ஏசி மின்சாரத்தை டிசியாக்கி, மின்னழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் யூனிட்) என்பார்கள், அதையும் மாற்றுவோம். அதற்கும் சரிவராவிட்டால் காயில், அதாவது இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் கம்பிச் சுருள். என் வண்டியில் கடைசியில் குற்றவாளியாக அகப்பட்டது ஒயர்களை இணைக்கும் ஒரு பிளாஸ்டிக் கப்ளர். அது கருகியிருந்தது வெளியே தெரியவே இல்லை.

ஆகவே இந்தப் பதிவில் பாகம் மாற்றுவது கடைசியில்தான் வரும். முதலில் அளப்பது.

இது எந்த வண்டிக்குப் பொருந்தும்? இன்ஜினிலிருந்து ஒரே நிறத்தில், பெரும்பாலும் மஞ்சளில், மூன்று தடித்த ஒயர்கள் வெளியே வருகிற வண்டிகளுக்கு. உள்ளே நிரந்தரக் காந்தம் வைத்த ரோட்டர் சுற்றும், நடுவில் ஸ்டேட்டர் காயில் அசையாமல் இருக்கும். ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1500, கவாசாகி கான்கோர்ஸ் 1000 போன்றவற்றில் காரில் இருப்பது மாதிரி தனி ஆல்டர்னேட்டர். பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர்களில் ரோட்டருக்குக் கரித்துண்டு வழியாக மின்சாரம் போகும். அந்த வண்டிக்காரர்கள் பேட்டரி, கேபிள் சம்பந்தமான படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) சோதனையும் ஏசி வோல்ட்டும் அதில் இருக்க வேண்டும். விலை உயர்ந்தது தேவையில்லை, ஆனால் அதன் ஒயர் முனைகள் ஊசி போல மெலிதாக இருக்கட்டும். கப்ளரின் பின்பக்கத்திலிருந்து உள்ளே நுழைத்து அளக்க வேண்டிவரும். டெஸ்ட் லாம்ப்பை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள்: 12 வோல்ட்டுக்கும் 13.8 வோல்ட்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நமக்கு வேண்டியதே அந்த வித்தியாசம்தான்.

உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலும் பக்கத்தில் இருக்கட்டும். நான் சொல்கிற எண்கள் பொதுவானவை. மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதே சரி.

இன்ஜினை ஓடவிட்டு அளக்கும்போது திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டுக்குள் புகை ஆளையே கொல்லும். இன்னொன்று, ஓடுகிற இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கிற பழைய வித்தையை மறந்துவிடுங்கள். பேட்டரி இல்லாமல் மின்னழுத்தம் எகிறி இக்னிஷன் யூனிட்டைக் காலி செய்துவிடும்.

படி 1: பேட்டரி

முழுசாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு அளங்கள். 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டினால் நல்லது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி. பிறகு மீட்டரைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அப்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி மீதே சந்தேகம். நோஞ்சான் பேட்டரியை வைத்துக்கொண்டு மற்ற சோதனைகளைச் செய்தால் எண்கள் எல்லாம் பொய் சொல்லும்.

படி 2: ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு?

ஐடிலில் 13-ஐ ஒட்டி இருக்கலாம், அதற்குக் கொஞ்சம் கீழேகூட இருக்கலாம். 3000 முதல் 4000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வந்தால் சார்ஜிங் சரி. உங்கள் பிரச்சினை வேறு எங்கோ. ஆர்பிஎம் ஏற்றினாலும் 12.5-லேயே நின்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

15-ஐத் தாண்டினாலும் பிரச்சினைதான். ஆனால் உடனே ரெக்டிஃபையரை மாற்ற வேண்டாம். சில பழைய யூனிட்களில் பேட்டரி அளவைப் பார்த்துக்கொள்ள ஒரு தனி மெல்லிய ஒயர் இருக்கும். அது நேராகப் பேட்டரிக்குப் போகாமல் இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் போகும். சுவிட்சின் காண்டாக்ட் தேய்ந்திருந்தால் அந்த ஒயரில் 13 தெரியும், பேட்டரியில் 15 இருக்கும். யூனிட் பாவம், 'இன்னும் போதவில்லை' என்று ஏற்றிக்கொண்டே இருக்கும். சாவியைப் போட்டு, அந்த ஒயருக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் குற்றம் சுவிட்ச் பக்கம்.

படி 3: கப்ளர்

என்னை அலைக்கழித்த படி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயரும் ரெக்டிஃபையருக்குப் போகிற வழியில் ஒரு கப்ளரில் சேரும். பக்கவாட்டு மூடிக்குப் பின்னால், பேட்டரிப் பெட்டிக்குக் கீழே, இப்படி எங்காவது ஒளிந்திருக்கும். இருபது முப்பது வருடத்து ஈரமும் தூசியும் அதற்குள் போயிருக்கும். பித்தளை முனையில் பச்சை பிடித்து 0.1 ஓம் தடை உண்டானால் போதும். அதில் 20 ஆம்பியர் பாயும்போது 40 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியது மாதிரி. சூட்டில் முனையின் பிடி தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும்.

இதைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பது கஷ்டம். என் வண்டியில் கப்ளரின் வெளிப்பக்கம் வெள்ளையாக, புதிது போல இருந்தது. உருகியிருந்தது உள்ளே, நடு முனையைச் சுற்றி மட்டும். ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது, 0.1 ஓம்மைச் சாதாரண மீட்டர் சரியாகக் காட்டாது. குளிர்ந்த நிலையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

பிடிக்கிற வழி இது. கப்ளர் மாட்டியபடியே இருக்கட்டும். ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரே மஞ்சள் ஒயரின் இந்தப் பக்கம் ஒரு முனை, கப்ளரைத் தாண்டி அந்தப் பக்கம் இன்னொரு முனை. 3000 ஆர்பிஎம்மில் படியுங்கள். நல்ல இணைப்பு என்றால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் அந்த முனை எரிந்துகொண்டிருக்கிறது. மூன்று ஒயரிலும் இப்படிச் செய்யுங்கள். கை உலோக முனையில் படக்கூடாது.

இதே முறையை டிசி பக்கமும் செய்யலாம். மீட்டர் டிசி வோல்ட்டில். ரெக்டிஃபையரின் சிவப்பு ஒயரிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு, பின் அதன் எர்த் ஒயரிலிருந்து பேட்டரி மைனஸுக்கு. ஒவ்வொன்றிலும் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ துரு, அல்லது லூசான ஃப்யூஸ் பிடி.

பழைய சுசுகி ஜிஎஸ் வண்டிகளில் சிலவற்றுக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. மூன்றில் ஒரு ஒயர் நேராக ரெக்டிஃபையருக்குப் போகாமல் ஹெட்லைட் சுவிட்ச் வரை சுற்றிவிட்டு வரும். லைட்டை அணைத்தால் சார்ஜிங்கைக் குறைப்பதற்காக அந்த ஏற்பாடு. அந்தச் சுற்றை வெட்டிவிட்டு நேரடியாக இணைப்பதுதான் நல்லது.

கப்ளரைச் சரிசெய்வது

உருகியிருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதில் பயனில்லை. வெட்டி எறியுங்கள். ஒயரை உரித்துப் பாருங்கள்: செம்பு பளபளவென்று இருந்தால் சரி, கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை இன்னும் பின்னால் வெட்டுங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, கிரிம்ப்பும் (முனையை நசுக்கி இறுக்கும் இணைப்பு) நிலைக்காது.

சால்டரிங்கா கிரிம்ப்பா என்பது முடிவில்லாத சண்டை. என் கட்சி கிரிம்ப். நல்ல ராட்செட் கிரிம்பரும் உறையில்லாத செம்பு பட் கனெக்டரும் (இரண்டு ஒயர் முனைகளையும் உள்ளே விட்டு நசுக்கும் சிறு குழாய்) இருந்தால் போதும். சால்டரிங் செய்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கும். அது முடியும் இடத்தில் அதிர்வுக்கு ஒயர் ஒடியும். சால்டரிங்தான் வேண்டும் என்றால், இணைப்பின் இரண்டு பக்கமும் ஒயர் ஆடாதபடி கட்டிவையுங்கள். இணைக்கும் முன்பே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) ஒயரின் மேல் மாட்டிவிடுங்கள். மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரட்டும், இல்லாவிட்டால் தடித்த முடிச்சாகி மூடிக்குள் அடங்காது.

எந்த மஞ்சள் எந்த மஞ்சளோடு என்று கவலைப்பட வேண்டாம். எப்படி மாற்றி இணைத்தாலும் ஒன்றுதான். ஆனால் அதே மூடியிலிருந்து வருகிற மெல்லிய ஒயர்கள் இக்னிஷனுக்குச் சிக்னல் தரும் பல்ஸர் காயிலுடையவையாக இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

படி 4: ஸ்டேட்டர்

கப்ளர் சரி, இன்னும் சார்ஜ் ஏறவில்லை என்றால் ஸ்டேட்டரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி ரெக்டிஃபையரிலிருந்து மூன்று ஒயரையும் பிரியுங்கள்.

முதலில் ஒவ்வொரு மஞ்சளுக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஓஎல் (இணைப்பே இல்லை என்று அர்த்தம்) என்றே காட்ட வேண்டும். ஏதாவது எண் வந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது, கதை முடிந்தது.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, மஞ்சள்களை இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டில் அளங்கள். 5000 ஆர்பிஎம்மில் 50 வோல்ட்டுக்கு மேல் வருவது வழக்கம். எண்ணைவிட முக்கியம், மூன்று ஜோடியும் ஏறத்தாழ சமமாக இருப்பது. 60, 60, 38 என்று வந்தால் ஒரு சுற்று உள்ளுக்குள் ஷார்ட். கவனம், இது ஷாக் அடிக்கிற அளவு வோல்ட்.

குளிர்ந்த இன்ஜினில் தேறிய ஸ்டேட்டரைச் சூட்டிலும் சோதியுங்கள். வார்னிஷ் பூச்சு விரிசல் விட்ட காயில் முதல் பத்து நிமிடம் நல்ல பிள்ளையாக இருக்கும், எண்ணெய் கொதித்த பிறகுதான் சுயரூபம் காட்டும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, கை சுடாமல் பார்த்துக்கொண்டு, இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மாற்றுவது பெரும்பாலான வண்டிகளில் ஒரு மூடியைக் கழற்றுகிற வேலைதான்: எண்ணெயை வடித்து, மூடியைக் காந்தத்தின் பிடியிலிருந்து இழுத்து, புது கேஸ்கெட் போட்டு மூட வேண்டும். ஒயர் வெளியே வருகிற ரப்பரில் சீலன்ட் தடவ மறக்காதீர்கள். கோல்ட் விங் ஜிஎல்1200-லும் அதற்கு முந்தையவற்றிலும் இன்ஜினையே இறக்க வேண்டும். அந்த வண்டிக்காரர்கள் படி 3-ஐ இரண்டு தரம் செய்யுங்கள்.

படி 5: ரெக்டிஃபையர்

மீட்டரை டையோடில் வையுங்கள். சிவப்பு முனை மஞ்சளில், கறுப்பு முனை யூனிட்டின் பிளஸ்ஸில்: 0.4 முதல் 0.6 வரை காட்ட வேண்டும். முனைகளை மாற்றினால் ஓஎல். அப்புறம் சிவப்பு முனை யூனிட்டின் எர்த்தில், கறுப்பு முனை மஞ்சளில், அதே மாதிரி. மூன்று மஞ்சளுக்கும் செய்யுங்கள். ஒன்று தவறினாலும் யூனிட் போச்சு. எல்லாம் தேறினாலும் பாதிதான் உறுதி, ஏனென்றால் இது டையோடுகளை மட்டுமே பார்க்கிறது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியை அல்ல.

புதிது வாங்குகிறவர்களுக்கு: பழைய ஷன்ட் வகை யூனிட், உபரி மின்சாரத்தை எர்த்தில் ஷார்ட் செய்து சூடாக்கித் தீர்க்கும். ஸ்டேட்டர் எப்போதும் முழு வேகத்தில் உழைத்துக்கொண்டே இருக்கும். அதனால் 'எல்இடி மாட்டினால் ஸ்டேட்டருக்கு ஓய்வு' என்பது இந்த வகையில் நடக்காது. ஷின்டென்கென் எஃப்எச்020ஏஏ போன்ற மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) யூனிட்டும் ஷன்ட்தான், ஆனால் குறைவாகச் சூடாகும். அதே கம்பெனியின் எஸ்எச்775, ஷன்ட் அல்ல, 'சீரிஸ்' என்ற வேறு வகை. தேவையில்லாதபோது சுற்றைத் திறந்துவிடும், ஸ்டேட்டருக்கு நிஜமான ஓய்வு. என் ஓட்டு சீரிஸுக்கு. எதை மாட்டினாலும் காற்று படுகிற இடத்தில், உலோகத்தின் மேல் மாட்டுங்கள். போலிகள் நிறைய உலவுகின்றன, கவனம்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுச் சிலர் எழுதிய சிக்கல்கள்:

'ஓடும்போது 14.2 வருகிறது, ஆனாலும் ஒரு வாரம் நின்றால் பேட்டரி காலி.' இது சார்ஜிங் பிரச்சினை அல்ல, கசிவு. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இடையில் கோர்த்து அளங்கள். கடிகாரம் இருக்கிற வண்டியில் சில மில்லிஆம்பியர் சகஜம். அதற்கு மேல் என்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதில் எண் விழுகிறது என்று பாருங்கள். பின்னால் மாட்டிய அலாரம், போன் சார்ஜர் இவற்றிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் முடியும். மீட்டர் அப்படிக் கோர்த்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் அதன் ஃப்யூஸ் போய்விடும்.

'ஹேண்டில்பாரில் மாட்டிய வோல்ட்மீட்டர் எப்போதும் 13.1 தான் காட்டுகிறது.' பேட்டரியிலேயே அளந்து ஒப்பிடுங்கள். ஹெட்லைட் ஒயரிலிருந்து இணைப்பு எடுத்திருந்தால் அந்த வழியின் இழப்பும் சேர்ந்து குறைவாகத்தான் தெரியும். பேட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸும் ரிலேயும் வைத்து எடுங்கள். நீண்ட பயணம் போகிற பழைய வண்டியில் நான் முதலில் மாட்டுகிற கூடுதல் சாமான் இதுதான், ஹீட்டட் கிரிப்பெல்லாம் அப்புறம். 14.1 காட்டிக்கொண்டிருந்தது 13.4-க்கு இறங்கினால், வண்டி நடுவழியில் நிற்கும் முன்பே கப்ளரைத் தொட்டுப் பார்க்கலாம். கை வைக்க முடியாத அளவு சுட்டால் படி 3.