குட்டி லோடு வண்டி வாங்கும்போது வடசென்னையில் செய்யும் தவறுகள்

லோடு வண்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், டாடா ஏஸ் ஓட்டுகிறவர் ஏஸைத்தான் வாங்கச் சொல்வார். தோஸ்த் வைத்திருப்பவர், தோஸ்த் மாதிரி வராது என்பார். பொலேரோ பிக்கப்காரருக்கு இந்த இரண்டுமே பொம்மை வண்டி. தண்டையார்பேட்டை டீக்கடைகளில் இந்த வாக்குவாதம் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. மூன்று பேர் சொல்வதும் அவரவருக்கு உண்மைதான். ஒருவர் தண்ணீர் கேன் போடுகிறார், இன்னொருவர் செங்குன்றத்திலிருந்து அரிசி ஏற்றுகிறார், மூன்றாமவர் மணலி கம்பெனிகளுக்கு டிரம் கொண்டுபோகிறார். நம் லோடு என்ன, ரூட் என்ன என்று யோசிக்காமல் கம்பெனி பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குள் நுழைகிறோம் பாருங்கள், சறுக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நாலு சக்கரத்தில் அந்த அளவில் அதற்கு எதிரியே கிடையாது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், அவ்வளவுதான். அப்புறம் 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த், 2015-ல் மஹிந்திரா ஜீத்தோ, 2016-ல் மாருதி சூப்பர் கேரி, 2019-ல் டாடா இன்ட்ரா, 2020-ல் படா தோஸ்த், 2024-ல் மஹிந்திரா வீரோ, 2025-ல் ஏஸ் ப்ரோ என்று வரிசை நீண்டுவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதில் விலையும் குறைந்தது. வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் போட்டி என்றால் தோற்பவரும் உண்டு. மஹிந்திரா மேக்ஸிமோ இப்போது புதிதாக வருவதில்லை. தோஸ்த், நிசானோடு கூட்டுச் சேர்ந்து செய்த வண்டி. 2016-ல் நிசான் விலகியும் தோஸ்த் பிழைத்துக்கொண்டது. அதே கூட்டணியில் 2013-ல் வந்த ஸ்டைல் வேன் 2015-லேயே நின்றுபோனது.

இப்படி நின்றுபோன மாடல்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். என்ஜின் சாமான் எப்படியாவது கிடைத்துவிடும். ஹெட்லைட்டுக்கும் கதவுக் கண்ணாடிக்கும்தான் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். அந்த நாளில் வண்டி நின்றால் வாடகையும் நிற்கும். ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஏரியா ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் கிளட்ச் செட், ஹெட்லைட், பிரேக் வீல் சிலிண்டர் மூன்றுக்கும் விலை கேளுங்கள். "நாளைக்கு வாங்க" என்ற பதில் மூன்றுக்கும் வந்தால் அந்த மாடலை விட்டுவிடலாம். புதிதாக அறிமுகமான மாடலுக்கும் இதே சோதனை பொருந்தும். ரோட்டில் ஒரு மழைக்காலத்தையாவது பார்க்காத வண்டியை நான் முதல் ஆளாக வாங்க மாட்டேன்.

அடுத்தது பாரம். வடசென்னையில் வண்டிகளைத் தின்பது இதுதான். தண்ணீர் கேன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏஸ் அளவு வண்டியின் பாடி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். 20 லிட்டர் கேனை நெருக்கி அடுக்கினால் நீளவாக்கில் 7, அகலவாக்கில் 5, ஆக ஒரு அடுக்குக்கு 35 கேன். தண்ணீர் மட்டுமே 700 கிலோ. கேனின் எடையையும் சேர்த்தால் வண்டியின் அனுமதிப் பாரமான 750 கிலோவை ஏறக்குறைய தொட்டுவிடும். அதாவது ஒரே அடுக்கோடு கோட்டா முடிந்தது. ஆனால் தெருவில் போகும் வண்டிகளைப் பாருங்கள், கூண்டு அடித்து இரண்டு அடுக்கு இல்லாத வண்டியைக் காட்டுங்கள் பார்க்கலாம். அப்படி ஓட்டிவிட்டு, "இந்தக் கம்பெனி வண்டி தாங்கலைங்க" என்று சொல்வதில் என்ன நியாயம்?

சிஎன்ஜி எடுப்பவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். சிலிண்டர் எடையும் வண்டியின் கணக்கில்தான் வரும். சூப்பர் கேரி பெட்ரோலுக்கு 740 கிலோ என்றால் அதன் சிஎன்ஜிக்கு 625 கிலோதான். மைலேஜில் மிச்சம் பிடித்ததை ஐந்தாறு கேன் குறைத்து ஏற்றுவதில் திருப்பிக் கொடுக்கிறோம். அப்படியும் லாபமா என்பது ஓடும் தூரத்தைப் பொறுத்தது. கூண்டு, ஐஸ் பெட்டி, தார்ப்பாய்க் கம்பி என்று நாம் பின்னால் கட்டுவதெல்லாமும் அதே பாரத்திலிருந்துதான் கழியும். கேட்லாக்கில் போட்டிருப்பது கம்பெனி பாடிக்கான கணக்கு.

பாரம் தாங்கவில்லை என்றதும் முதலில் செய்வது பட்டறைக்குப் போய் பின்னால் எக்ஸ்ட்ரா பட்டை (ஸ்பிரிங் தகடு) போடுவது. வண்டி நிமிர்ந்து நிற்கும், மனசுக்கும் தெம்பாக இருக்கும். ஆனால் பிரேக் டிரம் அதேதான், ஆக்ஸில் அதேதான், கிளட்ச் பிளேட்டும் அதேதான். முன்பு பட்டை உடைந்து நம்மை எச்சரிக்கும். இப்போது பட்டை தாங்கிக்கொள்ள, பட்டையை மாட்டியிருக்கும் இடத்தில் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) விரிசல் விடும். பட்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. சேசிஸ் வெல்டிங் பண்ணிய வண்டியை விற்கப் போனால்தான் அதன் விலை தெரியும். வாரன்டி கிளெய்ம் வந்தாலும் ஓவர்லோடு என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். போலீஸ் பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. தினமும் 1,200 கிலோ ஏற்றுகிற ஆள் 1,500 கிலோ தாங்கும் தோஸ்த் பிளஸ்ஸையோ இன்ட்ரா வி50-யையோ நேராகப் பார்க்கலாம். டியூ (மாதத் தவணை) கூடும்தான். ஆனால் ரிப்பேருக்குப் போகும் பணத்தையும் ஒரு நோட்டில் எழுதிவந்தால் எது பெரிது என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிடும்.

என்ஜின் விஷயத்துக்கு வருவோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பழைய டீசல் பழக்கம் செல்லாது. பல டீசல் பிக்கப்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடி, புகைக்குழாய் சூடேறினால்தான் உள்ளே சேர்ந்த கரி எரியும். ராயபுரத்துக்கும் மண்ணடிக்கும் நடுவே முதல் கியர், இரண்டாம் கியர் என்று உருட்டிக்கொண்டே இருந்தால் அது எரிய வழியில்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் நிற்கும் நாட்களைச் சொல்லவே வேண்டாம். டேஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை குறையும், "வண்டி சரியில்லை" என்று பெயர் வரும். விளக்கு எரிந்ததும் மேனுவல் சொல்கிறபடி செய்துவிட வேண்டும். பெரும்பாலும் செங்குன்றம் தாண்டி கொல்கத்தா ஹைவேயில் சீரான வேகத்தில் ஒரு ஓட்டம் விட்டாலே அடங்கிவிடும். விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவதும், யாரோ சொன்னார்கள் என்று வடிகட்டியை அறுத்து எடுப்பதும் தவறு; இரண்டாவது சட்டப்படியும் தவறு. நாள் முழுக்க ஊருக்குள்ளேயே சுற்றுகிறவருக்குப் பெட்ரோலோ சிஎன்ஜியோதான் தோது. மாருதி இந்த வகையில் டீசலையே 2020-ல் நிறுத்திவிட்டது.

மீன் ஏற்றும் காசிமேட்டு வண்டிகளுக்குத் தனி நோய் உண்டு. மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல, உப்பும் மீன் கழிவும் கலந்தது. பாடியின் தரைத் தகடு இணைப்புகளில் இறங்கி, கீழே குறுக்குச் சட்டத்தில் தங்கி, அங்கிருந்து பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள் என்று பரவும். மேலே பளபளவென்று கழுவிவிட்டு அடிப்பக்கத்தை அப்படியே விட்டால், தகட்டுக்கு மேலே இருந்த உப்பைக் கீழே தள்ளிவிட்டது மட்டும்தான் மிச்சம். அதிலும் கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்பு. அதை வைத்துக் கழுவுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், வாரம் ஒரு முறையாவது. அண்டர் கோட்டிங் அடிப்பதென்றால் முதல் லோடு ஏற்றுவதற்கு முன்பே அடிக்க வேண்டும். துருவின் மேல் அடித்தால் துரு உள்ளே இருந்துகொண்டு நிம்மதியாக வேலை பார்க்கும். பாடியின் பின் மூலையில் ஓட்டை போட்டு, ஒரு குழாய் வைத்து, சேசிஸில் படாமல் தண்ணீரை வெளியே விடுகிறார்கள் சிலர். சின்ன வேலைதான், ஆனால் நான் பார்த்ததிலேயே உருப்படியான வேலை அது.

செகண்ட் ஹேண்ட் எடுக்கும்போது முதல் பார்வை வண்டிக்கு அடியில் போக வேண்டும். பாடி போல்ட் சேசிஸில் இறங்கும் இடங்களில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும்; பொத்தென்று கேட்டால் பெயின்ட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலி பக்கமெல்லாம் மூழ்கியது. அப்படி நின்ற வண்டிகள் இப்போது யார் கையில் இருக்கின்றன என்று விளம்பரத்தில் போட மாட்டார்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். டேஷ்போர்டுக்குக் கீழே வயர் சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தால், பிஎஸ்6 வண்டியில் அது சென்சார் சென்சாராகப் பணம் கேட்கும். பழைய வண்டி வெள்ளத்தில் நனைந்தால் ஆயில் மாற்றி ஓட்டினோம், இப்போது அது முடியாது.

பேப்பரில் எச்.பி. (ஃபைனான்ஸ் கடன் பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா, எஃப்.சி. (தகுதிச் சான்று) எப்போது முடிகிறது, சலான் (அபராதம்) பாக்கி எவ்வளவு என்பதை அரசின் பரிவாகன் தளத்தில் நீங்களே பாருங்கள், புரோக்கர் செல்போனில் காட்டுவதை அல்ல. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்பதும் விலையில் பேச வேண்டிய விஷயம். அப்படியே சேசிஸ் நம்பரை வைத்து ரீகால் இருந்ததா என்று கம்பெனி தளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கேளுங்கள். 2018 டிசம்பரில் சூப்பர் கேரியில் சுமார் 5,900 வண்டிகளை ஃபியூயல் ஃபில்டர் சோதனைக்காகத் திரும்ப அழைத்தார்கள். ரீகால் என்றதும் மட்டமான வண்டி என்று ஒதுக்க வேண்டாம், சொல்லித் திருத்துகிறார்கள் என்பது நல்ல விஷயமே. சிக்கல், தகவல் முதல் ஓனருக்குப் போய்விடும், இரண்டாவது கைக்கு வந்தவருக்குத் தெரியாது. வேலையோ இலவசம்.

லைசென்ஸ் பற்றி இன்னும் குழப்பம் இருக்கிறது. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத வண்டிக்குப் பெர்மிட்டும் வேண்டாம். இதற்கெல்லாம் தனியாகப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

வாரன்டியை வருஷத்தில் பார்க்காமல் கிலோமீட்டரில் பாருங்கள். 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், பார்சல் வண்டி நாளைக்கு 150 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் ஓடினால் இரண்டே கால் வருஷத்திலேயே வாரன்டி காலி. எலக்ட்ரிக் எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? கொருக்குப்பேட்டை சந்தில் கிடைத்த இடத்தில் விடுகிறவர் முதலில் சார்ஜ் போட இடம் பார்க்கட்டும், அப்புறம் வண்டி பார்க்கலாம்.

கடைசியாக டியூ. ஃபைனான்ஸ்காரர் போடும் கணக்கில் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை. ஆனால் மீன் லோடு அடிப்பவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டில் லோடு பாதிக்கும் கீழே போய்விடும், டியூ நிற்காது. நல்ல மாதத்து வருமானத்தை வைத்து டியூவை முடிவு செய்தவர்கள்தான் மே மாதம் வண்டியை ஃபைனான்ஸ்காரரிடம் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். பத்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாத டியூ கட்ட முடியுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். எஃப்.சி., டிங்கரிங், பெயின்டிங், அடிப்பக்கத் துரு வேலை எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்தில் வைத்துக்கொண்டால் ஓடுகிற சீசனில் வண்டி பட்டறையில் நிற்காது.