ஃபெராரி எஃப்355 சேலஞ்ச்: சாலைக் கார் கிட்டிலிருந்து பந்தயக் கார் மாதிரி

என் மேசையில் மஞ்சள் நிற எஃப்355 சேலஞ்ச் ஒன்று முடிந்து நிற்கிறது. 1/24 அளவு. இது என் இரண்டாவது முயற்சி. முதல் மாதிரியில் எல்லாம் முடிந்து, உடற்கூட்டை அடிப்பாகத்தின் மேல் வைத்து அழுத்திய கடைசி நிமிடத்தில் முன்கண்ணாடி விரிசல் விட்டுப் போனது. ஏன் போனது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரம் உங்களுக்கு வீணாகக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கிட், அதாவது பாகங்களாக வந்து நாமே ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் தொகுப்பு, வைத்து ஒரு காராவது செய்து பார்த்தவர்களுக்கான பதிவு இது. பாகங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டுவது, ஓரம் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது ஆகியவற்றை இங்கே விளக்கப் போவதில்லை.

முதலில் அசல் காரைப் பற்றிக் கொஞ்சம். இது தெரியாமல் கத்தியை எடுத்தால் தவறான இடத்தில் வெட்டுவீர்கள். ஃபெராரி 1993-இல், 348 காரை வைத்து, ஒரே வகைக் கார்கள் மட்டும் ஓடும் பந்தயத் தொடரைத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே டயர். அதிகப் பணம் கொடுத்து வேகத்தை வாங்க வழியில்லை, ஓட்டுபவர் கைதான் பேச வேண்டும். 1995-இல் எஃப்355-இன் முறை வந்தது. தொடக்கத்தில் அதற்கென்று ஃபெராரியின் மாரனெல்லோ தொழிற்சாலையில் தனிப் பந்தயக் கார் தயாரிக்கவில்லை. வாடிக்கையாளர் சாலையில் ஓடும் பெர்லினெட்டா (மூடிய கூரை வகை) ஒன்றை வாங்குவார். கூடவே ஒரு தொகுதி பாகங்கள் வரும். விற்பனையாளரின் பட்டறையில் அவற்றைப் பொருத்துவார்கள். பிறகுதான் தொழிற்சாலையே பொருத்தி அனுப்பத் தொடங்கியது.

அதாவது அசல் காரே ஒரு கிட். அந்தப் பட்டறை மெக்கானிக் செய்த வேலையைத்தான் நாம் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் செய்கிறோம். இதிலிருந்து எனக்கு ஒரு விதி கிடைத்தது: அந்தத் தொகுதியில் வந்ததை மட்டும் சேருங்கள், மற்றதைத் தொடாதீர்கள். பந்தயக் கார் என்றவுடன் உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறியும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இங்கே அது தவறு. டாஷ்போர்டு இருந்தது, கதவுகளின் உள்பலகை இருந்தது, மடிந்து எழும் முகப்பு விளக்குகளும் இருந்தன. அடுத்து 2000-இல் வந்த 360 சேலஞ்ச் தொழிற்சாலையிலேயே பந்தயத்துக்கென்று பிறந்த கார். அதனால்தான் 355 சேலஞ்சைச் சேகரிப்பவர்கள் இன்று இவ்வளவு தேடுகிறார்கள். சாலைக் காராகப் பிறந்து பந்தயத்துக்குப் போன தலைமுறையில் அதுவே கடைசி.

படி 1: சரியான கிட்

கூரை கழற்றும் ஜிடிஎஸ் வேண்டாம், திறந்த ஸ்பைடர் வேண்டாம். மூடிய கூரையுள்ள பெர்லினெட்டாவை வாங்குங்கள். உள்ளே கியர் நெம்புகோலும் அது அசையும் உலோகத் தட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். சேலஞ்ச் கார்கள் கையால் மாற்றும் ஆறு கியர் கொண்டவை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்த எஃப்1 கியர்பாக்ஸ் 1997-இல் சாலைக் காருக்குத்தான் வந்தது.

பிறகு ஒரே ஒரு அசல் காரைத் தேர்ந்தெடுத்து அதன் படங்களை மட்டும் சேகரியுங்கள். காருக்குக் கார், ஆண்டுக்கு ஆண்டு சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. மூன்று கார்களின் படங்களைக் கலந்து பார்த்தால் எங்கும் இல்லாத நான்காவது கார்தான் கிடைக்கும்.

படி 2: பின்பக்க வலை

இந்தக் காரைப் பின்னாலிருந்து பார்த்தவுடன் அடையாளம் காட்டுவது இதுதான். சாலைக் காரில் வட்ட விளக்குகளுக்கு நடுவே உடலின் நிறத்திலேயே மூடிய பலகை இருக்கும். சேலஞ்சில் அதை எடுத்துவிட்டுத் திறந்த கம்பி வலை வைத்தார்கள். காரணம் வெப்பம். 3,496 சிசி எஞ்சின், எட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, நிமிடத்துக்கு 8,250 சுழற்சி வரை விரட்டப்படுகிறது. பந்தயப் பாதையில் சுற்றுக்குப் பின் சுற்றாக ஓடும்போது அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும்.

பலகையின் ஓரத்தை ஒட்டி உள்பக்கமாக 0.8 மி.மீ. துளைகளை வரிசையாகப் போடுங்கள். துளைகளுக்கு இடையே கத்தியால் வெட்டி நடுப்பகுதியை எடுங்கள். மீதியை அரத்தால் ராவிச் சமப்படுத்துங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயன்றால் கத்தி வழுக்கி விளக்கின் வளையத்தைக் கீறிவிடும்.

வலைக்கு விலை உயர்ந்த எட்ச் செய்த (அமிலத்தால் அரித்து வடிவம் கொடுத்த) பித்தளைத் தகடு தேவையில்லை. தேநீர் வடிகட்டியின் வலையை வெட்டி எடுங்கள். நான் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். தட்டையான பித்தளையைவிட, பின்னிய கம்பியின் மேடு பள்ளம்தான் அசலைப் போல ஒளியைப் பிடிக்கிறது. பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகே வலையை உள்ளிருந்து ஒட்டுங்கள்.

படி 3: ரோல் கேஜ்

கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு இது. என் முதல் மாதிரி உடைந்தது இங்கேதான், ஆகவே நிதானமாகப் போகிறேன்.

குழாயின் தடிமன் எளிய கணக்கு. அசலில் 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டு 24-ஆல் வகுத்தால் 1.67 வருகிறது. கடையில் கிடைக்கும் 1.6 மி.மீ. பாலிஸ்டைரீன் கம்பி போதும். முதல் முறை நான் உடற்கூட்டின் உள்பக்கத்தை அளந்து, அந்த அளவுக்குக் கூண்டைக் கட்டினேன். கண்ணாடியை மாட்டாமல் வைத்துப் பார்த்தேன், அழகாகப் பொருந்தியது. கண்ணாடியை ஒட்டிவிட்டு அழுத்தினேன், விரிசல் விழுந்தது.

அசல் காரின் முன்கண்ணாடி ஐந்தாறு மி.மீ. தடிமன் இருக்கும். என் கிட்டில் வந்த தெளிந்த பிளாஸ்டிக் 1.2 மி.மீ. அதை அசல் அளவுக்குக் கொண்டுபோனால் கிட்டத்தட்ட 29 மி.மீ. கண்ணாடி! கூரையும் தூண்களும் அதே போலத் தடித்தவை. ஆகவே மாதிரியின் உள்ளிடம் அசலைவிடச் சிறியது. அசலின் அளவைச் சரியாகக் குறைத்துச் செய்த கூண்டு உள்ளே நுழையாது. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு கூண்டைச் சுருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இப்போது நான் செய்யும் முறை இது. எல்லாக் கண்ணாடிகளையும் மாஸ்கிங் டேப் கொண்டு தற்காலிகமாக உடற்கூட்டில் பிடித்து வையுங்கள். சால்டரிங் ஈயக் கம்பியில் ஒரு துண்டை எடுத்து, இருக்கைக்குப் பின்னால் வரும் முக்கிய வளைவின் வடிவத்துக்கு உள்ளே வளைத்துப் பாருங்கள். ஈயம் வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும், பிளாஸ்டிக் போல மீளாது. வடிவம் சரியானதும் வெளியே எடுத்து வரைபடத்தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். பாலிஸ்டைரீன் கம்பியைக் கொதித்து இறக்கிய நீரில் சில விநாடி காட்டி, அந்தக் கோட்டின் மேல் வைத்து வளையுங்கள். கூர்மையான மூலைக்கு ஒரு டிரில் பிட்டின் தண்டைச் சுற்றி வளைத்தால் கம்பி நசுங்காது.

முக்கிய வளைவை உள்ளறைத் தொட்டியில் ஒட்டுங்கள். முன்னோக்கிச் செல்லும் கம்பிகளை வளைவோடு மட்டும் ஒட்டி, அவற்றின் கால்களைத் தரையில் போட்ட துளைகளில் ஒட்டாமல் விடுங்கள். கடைசி நேரத்தில் அரை மில்லிமீட்டர் நகர்த்த அந்த இடைவெளிதான் உதவும்.

அடுத்தது சோதனை. குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் மிளகளவு உருண்டைகளைக் கூண்டின் மேல் ஐந்தாறு இடங்களில் வையுங்கள். கண்ணாடியோடு கூடிய உடற்கூட்டை மேலே வைத்து மெதுவாக அழுத்தி எடுங்கள். களிமண் தாள்போல நசுங்கிய இடத்தில் கூண்டு முட்டுகிறது. அரை மி.மீ. தடிமனாவது எல்லா இடத்திலும் மிஞ்சும் வரை திருத்துங்கள். பெயின்ட்டும் தடிமன் சேர்க்கும் என்பதை நினைவில் வையுங்கள். இந்த முறையில் நான் நான்கு தடவை திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

படி 4: உள்ளறை

கிட்டின் தோல் இருக்கைகளுக்குப் பதிலாகக் கார்பன்-கெவ்லர் பந்தய இருக்கை வேண்டும். ரெசினில் தனியாகக் கிடைக்கிறது. பாதுகாப்பு வார் ஆறு முனை கொண்டது. தோளில் வருவது அசலில் 75 மி.மீ. அகலம், நமக்கு 3 மி.மீ. சாட்டின் ரிப்பன் வேண்டாம், அதன் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். மாஸ்கிங் டேப்பை இரண்டாக மடித்து ஒட்டி, சிவப்பு அக்ரிலிக் தடவி, மூன்று மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டுங்கள். கொக்கிகளுக்கு மட்டும் எட்ச் செய்த உலோகத்தை வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஏர்பேக் உள்ள தடித்த ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு மெல்லிய பந்தயச் சக்கரம். தரையில் தீயணைப்பான் உருளை. ரேடியோ இருந்த இடத்தை மூடிவிடுங்கள். அவ்வளவுதான், டாஷ்போர்டைத் தொடாதீர்கள்.

படி 5: சக்கரமும் பிரேக்கும்

தொகுதியில் வந்த மிகப் பெரிய மாற்றங்களில் ஒன்று ஃபெராரியின் எஃப்40 காரிலிருந்து எடுத்த பிரேக். 330 மி.மீ. தட்டு, நம் அளவில் 13.75 மி.மீ. கிட்டில் உள்ள தட்டை அளந்து பாருங்கள், சிறியதாக இருந்தால் மாற்றுங்கள். 18 அங்குலச் சக்கரங்களின் ஆரங்களுக்கு இடையே இந்த இடம் நன்றாகத் தெரியும்.

டயருக்கு வழவழப்பான ஸ்லிக் வேண்டும். கிட்டின் டயரைக் கம்பில் இறுகப் பொருத்தி, டிரில்லில் மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு, 240 எண் உப்புத்தாளைக் காட்டிக் கோடுகளைத் தேய்த்துவிடுங்கள். வேகம் கூடினால் வினைல் உருகிப் பிசுபிசுக்கும். பிறகு காரின் உடலை ஒரு மில்லிமீட்டர் தாழ்த்துங்கள். அதற்கு மேல் தாழ்த்தினால் கண்காட்சிக்கு அலங்கரித்த கார் ஆகிவிடும்.

படி 6: பெயின்ட், டிகால்

லாக்கர் பெயின்ட்டைத்தான் நான் நம்புகிறேன். விரைவில் காய்கிறது, மெல்லிய படலமாக நிற்கிறது. ஆனால் நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்துகொண்டிருக்கும்போது அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் ஈரமான படலத்தில் இறங்கி வெண்மை பூத்துவிடும். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு, முற்பகலில் அடியுங்கள்.

பளபளப்பான மேல்பூச்சுக்குப் பிறகே டிகால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்). மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் டிகாலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளி நிறம் தெரியும். பந்தய எண், பிரெல்லி டயர் நிறுவனத்தின் ஒட்டு, இழுவைக் கொக்கியைக் காட்டும் அம்பு, மின்சாரத்தைத் துண்டிக்கும் விசைக்கான நீல முக்கோண மின்னல் குறி, தீயணைப்பானுக்கான சிவப்பு வட்ட ஆங்கில ‘E’ எழுத்து ஆகியவற்றை மறக்காதீர்கள். கடைசி மூன்றும் அரிசி அளவுதான், ஆனால் பந்தயக் கார் என்று நம்ப வைப்பவை அவையே.

கண்ணாடியை ஒட்ட வெள்ளைப் பசை மட்டும். சூப்பர் குளூவின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கைப் பனிபோல மங்கச் செய்துவிடும்.

பின்சேர்க்கை

மஞ்சள் காரில் ஆங்காங்கே ஆரஞ்சுத் திட்டுகள் வருகின்றன என்று மூன்று வாசகர்கள் எழுதினார்கள். மூவரின் கிட்டும் சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. லாக்கரின் கரைப்பான் பிளாஸ்டிக்கின் சிவப்புச் சாயத்தை மேலே இழுக்கிறது. எத்தனை மஞ்சள் பூச்சு போட்டாலும் அது ஊறிக்கொண்டே வரும். சாம்பல் பிரைமருக்கு மேல் வெள்ளி நிறத்தில் ஒரு முழுப் பூச்சு அடியுங்கள், அதன் உலோகத் துகள்கள் சாயத்தைத் தடுக்கும். அதன்மேல் வெள்ளை, பிறகு மஞ்சள். என் கிட் வெள்ளைப் பிளாஸ்டிக் என்பதால் இந்தச் சிக்கல் எனக்குத் தெரியாமல் போனது. ஏற்கெனவே திட்டு விழுந்தவர்கள் பெயின்ட்டைக் கழற்ற வேண்டாம், இருக்கும் மஞ்சளின் மேலேயே வெள்ளியிலிருந்து தொடங்கலாம்.

பின் இறக்கை எங்கே என்று மற்றொருவர் கேட்டிருந்தார். பின்னாள் கார்களில் அது உண்டு. நான் எடுத்துக்கொண்டது தொடக்கக் கால இறக்கையில்லாத கார். இறக்கை வைக்க விரும்புபவர்கள் அதைப் பசையால் மட்டும் ஒட்டாதீர்கள். 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியை இறக்கையின் கால்களில் செருகி, எஞ்சின் மூடியில் அதற்கேற்ற துளைகளை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். துளை போடுவது பெயின்ட்டுக்கு முன்பாக இருக்கட்டும்.