பௌதிகவியல் விதிகளைச் சந்தேகிக்கும்போது நாம் வழுக்கும் இடங்கள்

சாதாரண தரத்துக்குப் படிக்கும் நுவரெலியாப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், புத்தகத்துல தண்ணி 100 பாகையில கொதிக்கும்னு போட்டிருக்கு. நான் அளந்து பார்த்தேன், 94லயே கொதிச்சிருச்சி. அப்ப புத்தகம் பொய்யா, வெப்பமானி பொய்யா?"

இரண்டும் பொய்யில்லை. 100 என்பது விதியே அல்ல, விதி கடல் மட்டத்தில் தரும் விடை. நீராவியின் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தை எட்டும்போது நீர் கொதிக்கும் என்பதுதான் விதி. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் 94இலேயே கொதிக்கும், பருப்பு அவிய நேரமெடுக்கும். பிரஷர் குக்கரை மூடினால் அதே விதி நம் பக்கம் வேலை செய்யும். எண்ணை விதி என்று எண்ணுவது முதல் வழுக்கல்.

அடுத்தது தராசு. தேயிலைக் கொழுந்து நிறுவையில் மனத்தாங்கல் இல்லாத தோட்டத்தை நான் பார்த்ததில்லை. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். "மலைக்கு மேல ஈர்ப்பு குறைவாம், அதான் நிறை குறையுது" என்று ஒருவர் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் விளக்கம் சொன்னது நினைவிருக்கிறது. சொன்னதில் பாதி உண்மை. உயரம் கூடினால் ஈர்ப்பு குறையும். ஆனால் எவ்வளவு என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். அதன் முன் நம் மலை இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. கணக்கிட்டால் 20 கிலோக் கொழுந்தில் வரும் வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு கிராமுக்கு மேல் போகாது. அதுவும் கடற்கரையில் அளவு குறித்த விற்றராசில்தான், அதாவது வில்லின் நீட்சியை வைத்து நிறை காட்டும் தராசில். இருபக்கத் தட்டுத் தராசில் படிக்கல்லும் அதே அளவு இலேசாவதால் ஒன்றுமே தெரியாது. அரைக் கிலோ காணாமல் போனால் அது ஈர்ப்பின் வேலையல்ல.

"வில் தளர்ந்துபோச்சி" என்பது இன்னொரு சமாதானம். வில்லின் நீட்சி அதன்மேல் உள்ள விசைக்கு விகிதசமம் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஹூக் சொன்னது 17ஆம் நூற்றாண்டில். அந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மீறி இழுத்தால் வில் பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஆனால் அப்படி நீண்டுபோன வில்லில் முள் நிறையைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது! குறைத்துக் காட்டினால் முள் சுழியில் நிற்கிறதா, துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எவ்வளவு கழித்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு லீற்றர் சோடாப் போத்தலில் நீர் நிரப்பித் தொங்கவிட்டால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடக் காட்ட வேண்டும். ஹூக்கைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்தப் போத்தலைத் தேடுங்கள்.

தண்ணீர்த் தொட்டி, மோட்டார், டைனமோ மூன்றையும் இணைத்து "இனி கரண்ட் பில்லே வராது" என்று காட்டும் வீடியோக்களும் நம் ஊர்களில் சுற்றுகின்றன. மூன்று மீற்றர் உயரத் தொட்டியிலிருந்து 1,000 லீற்றர் நீரும் இறங்கினால் கிடைக்கும் சக்தி 0.008 யூனிட். வீணாகாமல் முழுவதும் மின்னாக மாறினாலும் 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் ஒன்று ஒரு மணி நேரம் எரியாது. அந்த நீரை மறுபடி ஏற்றும் மோட்டாருக்கு அதைவிட அதிகம் வேண்டும். அந்தக் காலத்தில் தேயிலை ஸ்டோர்களை ஓடையின் வலுவில் ஓட்டினார்கள்தான். அங்கே நீரை மேலே ஏற்றியது மோட்டார் அல்ல, வெயிலும் மழையும்.

மண்சரிவுப் பேச்சில் வருவது வேறு வகை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, "இவ்வளவு விஞ்ஞானம் இருந்தும் எந்த நிமிசம்னு சொல்ல முடியலியே" என்று பலர் கேட்டார்கள். வேதனையான கேள்வி, கேட்டவர்களைக் குறைசொல்ல மாட்டேன். சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பது உராய்வும் ஒட்டுந்தன்மையும். நீர் ஊறினால் மண்ணின் பாரம் கூடும், உள்ளே நீரமுக்கம் ஏறும், பிடி தளரும். இதில் ஐயமில்லை. ஒவ்வொரு அடி மண்ணுக்குள்ளும் நீர் எங்கே தேங்கியிருக்கிறது என்பதுதான் தெரியாது. அதனால் நிமிடத்தைச் சொல்ல முடியாது, ஆபத்தான சரிவைச் சொல்லலாம். நாளைச் சொல்லத் தெரியவில்லை என்பதால் எச்சரிக்கையையே தள்ளிவிடுவது உயிரோடு விளையாடுவது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது, ஆசிரியர்களாகிய நாங்கள்தான் அதை அதிகம் செய்கிறோம். "விதின்னா விதிதான், கேள்வி கேக்காத" என்று பௌதிகவியல் விதியைத் தலைவிதி ஆக்கிவிடுகிறோம். 2011இல் ஒளியைவிட நியூத்திரினோ என்னும் மிகச் சிறிய துகள் முந்தியது போல ஐரோப்பாவில் ஓர் அளவீடு வந்தது. 730 கிலோமீற்றர்ப் பயணத்தில் 60 நானோ செக்கன் முந்தல். ஆய்வாளர்கள் அதை மறைக்கவில்லை, விதி செத்தது என்று பறையடிக்கவும் இல்லை. தேடியபோது சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கேபிள் அகப்பட்டது.

எப்போதும் கேபிள்தான் அகப்படும் என்றும் இல்லை. யுரேனஸின் பாதை பிசகியபோது, நியூட்டனின் விதியை நம்பி, தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்குப் போட்டார். 1846இல் நெப்டியூன் கிடைத்தது. புதனின் பாதையிலும் ஒரு சிறு பிசகு இருந்தது. 1859இல் அதே உத்தியில் இன்னொரு கோளை ஊகித்தார். அது கிடைக்கவே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (கோணத்தில் ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை) அளவான அந்தப் பிசகை 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடுதான் தீர்த்தது.

இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை விடவில்லை. "அப்ப எப்ப சேர் விதியைச் சந்தேகப்படுறது?"

"முதல்ல வெப்பமானியை உருகுற ஐஸ்ல வெச்சு சுழி சரியான்னு பாரு. லீவுக்குக் கண்டிக்குப் போறேல்ல, அங்கயும் அளந்துட்டு வா" என்றேன்.

சுழி சரியாக இருந்ததாம். கண்டியில், பெரியம்மா வீட்டு அடுப்பில், 98ஐக் கொஞ்சம் தாண்டியதாம்.