மறி கத்தினால் உடனே கிடாய்க்கு விடாதீர்கள்: ஆடும் முயலும் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை கொடிகாமப் பக்கமிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். ஏழு மாத மறி, அதாவது இன்னும் ஈனாத பெண்ணாடு ஒன்று காலையிலிருந்து கத்துகிறதாம், வாலை ஆட்டிக்கொண்டே நிற்கிறதாம். "பக்கத்தில நல்ல உயரமான ஜமுனாபாரிக் கிடாய் நிக்குது, கொண்டுபோய் விடட்டோ அண்ணை?" என்று கேட்டார். அவராவது கேட்டார். நான் தொடங்கிய காலத்தில் யாரிடமும் கேட்கவில்லை. தண்ணீர் வைப்பது, கொட்டில் கூட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். உயிரைக் கொண்டுபோகும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

கிடாயின் உயரத்தைப் பார்த்து, மறியின் வயதைப் பார்க்காமல் விடுவது

மறி ஐந்து ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். விட்டால் சினையும் பிடிக்கும். ஆனால் அந்த வயதில் இடுப்பெலும்பு விரிந்திராது. தான் வளரவும் குட்டியை வளர்க்கவும் ஒரே தீனியைப் பங்கு போட வேண்டும். வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வந்த பிறகே விட வேண்டும். தாயாடு 24 கிலோ என்றால், மறி 16 கிலோவுக்கு வரட்டும். நன்றாகத் தீனி கிடைத்தாலும் அதற்குப் பத்து மாதம், ஒரு வருடம் ஆகும்.

என் முதல் மறி ஊராடு. எட்டு மாதம். கலப்புக் குட்டிக்கு நல்ல விலை என்று சொன்னார்கள், என் இடுப்புக்கு மேலே நின்ற ஜமுனாபாரிக் கிடாய்க்கு விட்டேன். ஐந்து மாதம் கழித்து ஒரு இரவு நோவு வந்தது. பன்னீர்க்குடம் உடைந்து, ஒரே ஒரு கால் வெளியே தெரிந்தது. விடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் ஒருவர் இழுக்கச் சொன்னார், இழுத்தேன். உள்ளே குட்டியின் தலை பின்னுக்கு மடிந்து கிடந்திருக்கிறது. குட்டி செத்து வந்தது. மறி அடுத்த நாள் மத்தியானம் போய்விட்டது.

இரண்டு முன்னங்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் அது சரியான வருகை. ஒரு கால் மட்டும் தெரிந்தாலோ, அரை மணிநேரம் கடுமையாக முக்கியும் ஒன்றும் நகராவிட்டாலோ இழுக்காதீர்கள், மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

"கிடாய் பெரிசெண்டால் குட்டியும் பெரிசாய் வரும்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். வரும்தான், அந்தப் பெரிய குட்டி எந்த வழியால் வெளியே வரும்? இந்த முறை விடாவிட்டால் மூன்று கிழமையில் மறி மறுபடி கத்தும். அவ்வளவுதான் நட்டம். முதல் ஈற்றுக்கு ஊர்க்கிடாய் போதும். ஜமுனாபாரியை அடுத்த ஈற்றுக்குப் பார்க்கலாம். தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்.

குட்டிக்கிடாயைத் தாயோடும் தங்கையோடும் விட்டுவைப்பது

நாலு மாதத்துக்குள் பிரித்துவிடுங்கள்.

திகதி குறிக்காமல் விடுவது

கிடாய்க்கு விட்ட நாளைக் கலண்டரில் எழுதுங்கள். அதிலிருந்து 150 நாள், ஐந்து நாள் முன்பின்னாகலாம். திகதி தெரிந்தால்தான் ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் கறப்பதை நிறுத்த முடியும். குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி ஆறு கிழமையில். வயிற்றில் இடம் குறைவதால் ஆடு குழையை முன்போல நிறையத் தின்னாது. கொஞ்சம் பிண்ணாக்கும் தவிடும் சேர்த்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் ஆடு தீனி தின்பதை அடியோடு விட்டால் ஒருநாளும் தாமதிக்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று: ஆனியில் விட்டால் கார்த்திகையில் ஈனும். நமக்கு அது அடைமழைக் காலம். ஈரத் தரையில் விழும் குட்டி விறைத்துப் போகும். உயர்த்திக் கட்டிய கொட்டில் இல்லாதவர்கள் மாதத்தை எண்ணிப் பார்த்து விடுங்கள்.

ஆண் முயலைப் பெண் முயலின் கூட்டுக்குள் விடுவது

பெண் முயல் தன் கூட்டை விட்டுக்கொடுக்காது, கடித்துக் குதறிவிடும். பெண்ணைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆட்டைப் போல மூன்று கிழமைக்கு ஒருமுறை கத்தும் என்று பார்த்திருக்கவும் வேண்டாம். முயலுக்கு இணை சேர்ந்த பிறகுதான், ஏறத்தாழ பத்து மணிநேரத்தில், உள்ளே கருமுட்டை வெளிப்படும். சித்திரை, வைகாசி வெக்கையில் சினை பிடிக்காவிட்டால் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். சூட்டில் ஆணின் விந்து கெட்டுவிடும். கூட்டை நிழலுக்கு மாற்றுங்கள்.

பெட்டி வைக்கப் பிந்துவது

முயல் இணை சேர்ந்த 31ஆம் நாள் ஈனும். 28ஆம் நாளே அது குட்டி ஈனுவதற்கான பெட்டி கூட்டுக்குள் இருக்க வேண்டும்.

தாய் பால் கொடுக்கவில்லை என்று குட்டிகளைக் கிண்டுவது

முயல் குட்டிகளோடு படுத்திருக்காது. பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே தடவை, அதுவும் இரவிலோ விடியலிலோ, நாலைந்து நிமிடம் பால் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும். இது தெரியாமல் தாயைப் பிடித்துப் பெட்டிக்குள் அமுக்குகிறார்கள், அது மிரண்டு குட்டிகளை மிதித்துவிடுகிறது. காலையில் ஒரு தடவை குட்டிகளை மூடியிருக்கும் மயிரை மெல்ல விலக்கி, செத்த குட்டி கிடந்தால் எடுத்துவிடுங்கள். மற்றவற்றின் வயிறு உருண்டிருந்தால் மூடிவிட்டு வாருங்கள்.