வந்த வீரர் தேறினாரா? டிரான்ஸ்ஃபர் ஆட்டக்காரரை எடை போடும்போது நாம் செய்யும் தவறுகள்

மார்ச் மாதம் வந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் நடுவே ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வரும்: "வேற காலேஜ்ல இருந்து வந்தாரே, அவர் தேறினாரா?" அந்த மாதம் என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு நடத்தும் தேசியப் போட்டி அது. 2025-இல் அதில் 68 அணிகள். ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கோப்பையைத் தூக்கும் அணிகூடப் பெரும்பாலும் ஆறே ஆட்டம்தான் ஆடுகிறது. அந்த ஆறையோ, அதில் ஒன்றையோ வைத்து இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பையனுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்புகள் எங்கே சறுக்குகின்றன என்று பார்க்க வால்டர் கிளேட்டன் ஜூனியரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிளேட்டன் நியூயார்க் பக்கம் உள்ள அயோனா என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடினார். 2023-இல் அங்கிருந்த கோச் ரிக் பிட்டினோ செயின்ட் ஜான்ஸுக்குப் போனார். கிளேட்டன் தன் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2025 ஏப்ரல் 7 அன்று சான் அன்டோனியோவின் அலமோடோமில் ஹூஸ்டனுக்கு எதிராக இறுதிப்போட்டி. இந்தியாவில் அப்போது மறுநாள் விடிகாலை. தூக்கம் கலையாமல் ஸ்கோர் பார்த்தவர்கள் இங்கேயும் உண்டு. முதல் பாதி முடிந்தபோது கிளேட்டன் கணக்கில் இருந்த புள்ளி பூஜ்யம்.

புள்ளியை மட்டும் பார்ப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அந்த இறுதிப்போட்டியில் அவர் எடுத்தது மொத்தம் 11 புள்ளி. பத்து ஷாட் போட்டு மூன்று விழுந்தது. த்ரீ பாயின்டரில் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) ஏழுக்கு ஒன்று. இதை மட்டும் படித்தால் "பெரிய மேடையில் சொதப்பிவிட்டார்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கிளேட்டனுக்காக சக வீரர் ஸ்கிரீன் வைக்க (காவல் காப்பவரை வழிமறித்து நிற்க) வரும்போதெல்லாம் ஹூஸ்டன் அவர் மேல் இரண்டு பேரை ஏவியது. ஒருவரைப் பிடிக்க இரண்டு பேர் போனால் மீதி நான்கு பேரை மூன்று பேர்தான் காக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஆதாயம் கண்டவர்களில் வில் ரிச்சர்ட் முக்கியமானவர். 18 புள்ளிகளோடு அன்று அணியிலேயே அதிகம் எடுத்தவர் அவர்தான். கிளேட்டன் ஏழு அசிஸ்ட் (சக வீரர் உடனே புள்ளி எடுக்க உதவும் பாஸ்) கொடுத்தார். ஷாட் விழாத நாளில் பந்தை வலுக்கட்டாயமாக எறியாமல் விட்டதே ஒரு திறமை என்பேன்.

அடுத்து கடைசி நொடிகள். இரண்டாம் பாதியில் 12 புள்ளி பின்தங்கியிருந்த ஃபுளோரிடா ஏறி வந்து, அலிஜா மார்ட்டினின் இரண்டு ஃப்ரீ த்ரோவால் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) 64–63 என்று முன்னிலை பெற்றது. பிறகு இன்னொரு ஃப்ரீ த்ரோ, 65–63. பந்து ஹூஸ்டனிடம். இம்மானுவேல் ஷார்ப் த்ரீ போட எழும்பிவிட்டார். கிளேட்டன் எங்கிருந்தோ ஓடிவந்து அவர் முன்னால் பாய்ந்தார். அந்தக் கையைப் பார்த்த ஷார்ப்புக்குக் காற்றிலேயே மனம் மாறியது. பந்தோடு தரையிறங்கினால் டிராவல் என்ற விதிமீறல், பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் பந்தைக் கீழே விட்டார். விட்ட பந்தைத் தானே முதலில் தொட்டாலும் டிராவல் என்பதால் எடுக்கவும் முடியாமல் நின்றார். அலெக்ஸ் காண்டன் தரையில் விழுந்து பந்தை அணைத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தது. கிளேட்டனின் அந்த ஓட்டத்துக்கென்று பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை) ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஃபைனல் ஃபோரின் (கடைசி நான்கு அணிகள் ஆடும் கட்டம்) தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் அவருக்குத்தான் போனது.

ஒரு ராத்திரியின் த்ரீ பாயின்டரை நம்புவது

அந்த சீசன் முழுக்க கிளேட்டன் பத்து த்ரீ போட்டால் கிட்டத்தட்ட நான்கு விழுந்தது. அப்படிப்பட்டவர் ஏழு போட்டு ஒன்றோ பூஜ்யமோ எடுப்பது எவ்வளவு அபூர்வம்? கணக்குப் போட்டால், ஐந்து ஆட்டத்துக்கு ஒரு முறை என்பதற்குச் சற்றுக் குறைவாக இது வெறும் தற்செயலாகவே நடக்கும். ஆக, ஆறு ஆட்டம் ஆடும் தொடரில் ஒரு மோசமான ராத்திரி வருவது இயல்பு. அது இறுதிப்போட்டியாக அமைந்துவிட்டால் நாம் அதற்கு "மன அழுத்தம்", "சின்ன காலேஜ் புத்தி" என்று காரணம் தேட ஆரம்பிக்கிறோம்.

இதே கணக்கு மறுபக்கமும் பொருந்தும். அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களில் அவர் டெக்சாஸ் டெக்குக்கு எதிராக 30, அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 34 எடுத்தார். காலிறுதியிலும் அரையிறுதியிலும் தொடர்ந்து முப்பதைத் தொட்டவர் 1979-இல் லாரி பேர்டுக்குப் பிறகு இவர்தான். இவற்றில் டெக்சாஸ் டெக் ஆட்டம், சுமார் மூன்று நிமிடம் மிச்சம் இருக்கையில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்து மீட்டது. அதற்காக இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் முப்பது வரும் என்று எதிர்பார்த்தால், 11 வந்த நாளில் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

தோல்வியை அவர் தலையில் கட்டுவது

2024-இல், ஃபுளோரிடாவில் முதல் வருடம், கிளேட்டன் கொலராடோவுக்கு எதிராக முதல் சுற்றில் 33 புள்ளி எடுத்தார். கடைசி நொடிகளில் ஆட்டத்தைச் சமன் செய்த த்ரீயும் அவருடையது. அணி 102–100 என்று தோற்று வெளியேறியது. நூற்றிரண்டு புள்ளி விட்டுக்கொடுத்த அணிக்கு எங்கே ஓட்டை இருந்தது என்பது ஸ்கோரிலேயே தெரிகிறது. ஆனால் "இவர் வந்தும் முதல் சுற்றைத் தாண்டலையே" என்று பேசுவது சுலபம். 33 எடுத்துத் தோற்றார், 11 எடுத்துக் கோப்பை வென்றார். வெற்றி தோல்வியை வைத்து அளந்தாலும், புள்ளியை வைத்து அளந்தாலும், இரண்டில் ஒரு ஆட்டத்தைத் தப்பாகத்தான் படிப்போம்.

டால்டன் நெக்ட் கதை இன்னும் கடுமையானது. முதலில் ஜூனியர் காலேஜ் (இரண்டு வருடக் கல்லூரி), பிறகு வடக்கு கொலராடோ, அங்கிருந்து 2023-இல் டென்னசி. 2024 காலிறுதியில் பர்டியூவுக்கு எதிராக அணி எடுத்த 66 புள்ளிகளில் 37 அவருடையது. எதிர்ப்பக்கம் ஸாக் ஈடி 40 எடுத்தார். பர்டியூ 72–66 என்று வென்றது. பாதிக்கு மேல் சுமந்தவரைப் பார்த்து "கடைசியில ஜெயிச்சுக் கொடுக்கலையே" என்று கேட்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. மற்றவர்கள் 29 எடுத்த அணிக்கு அவர் செய்ததற்கு மேல் என்ன செய்ய முடியும்?

பழைய இடத்துக் கணக்கை அப்படியே கொண்டுவருவது

சிறிய லீக்கில் சராசரி 20 எடுத்தவர் பெரிய லீக்கில் 12 எடுத்தால் சரிந்துவிட்டார் என்று பொருளில்லை. பழைய அணியில் பந்து எப்போதும் அவர் கையில் இருந்திருக்கும். புதிய இடத்தில் அவரைப் போல மூன்று பேர் இருப்பார்கள். கோப்பை வென்ற ஃபுளோரிடாவின் முதல் ஐவரில் கிளேட்டன், மார்ட்டின், ரிச்சர்ட், ரூபன் சின்யேலு என நான்கு பேர் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கை 2023-இல் ஃபைனல் ஃபோர் வரை கொண்டுபோன அணியில் இருந்தவர். ஃபுளோரிடாவுக்கு வந்தபின் அவருக்குப் பழைய அளவுக்கு ஷாட் கிடைக்காது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். எதற்காக அழைத்து வந்தார்கள், அந்த வேலையைச் செய்தாரா என்றுதான் கேட்க வேண்டும். எதிரணியின் சிறந்த ஸ்கோரரைக் காவல் காக்கவா, மூலையில் நின்று த்ரீ போடவா, ரீபவுண்டுக்கா (கூடையில் விழாத பந்தைப் பிடிக்கவா)? ஒருவர் ரீபவுண்டுக்கு வந்தார் என்றால் அவருடைய ஆறு புள்ளி எனக்குக் கவலையில்லை.

காயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மோர்ஹெட் ஸ்டேட்டிலிருந்து ஆபர்னுக்கு வந்த ஜானி புரூம் 2025 காலிறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக முழங்கையில் அடிபட்டு வெளியே போய், திரும்பி வந்து ஆடி முடித்தார். அடுத்த வாரம் அரையிறுதியில் இரண்டாம் பாதி முழுக்க மூன்றே புள்ளி. முழங்கையை மறந்துவிட்டு அந்த மூன்றை மட்டும் பேசுபவர்கள் ஆட்டத்தைப் பார்த்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

மாறியதையே குற்றமாக நினைப்பது

முன்பெல்லாம் கல்லூரி மாறினால் கூடைப்பந்து வீரர் ஒரு வருடம் உட்கார வேண்டும். 2021-இல் முதல் முறை மாறுபவர் உடனே ஆடலாம் என்றார்கள். 2024-இல், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் ஆடலாம் என்றானது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இதற்கெல்லாம் முன்பிருந்தே கோச்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு இடம் மாறிக்கொண்டுதான் இருந்தார்கள்; அவர்களை யாரும் ஒரு வருடம் உட்கார வைக்கவில்லை. விசுவாசம் பற்றிய கோபத்தை ஆட்டத்தின் மதிப்பீட்டில் கலந்தால், ஒரே தவறு நம் ஊர்ப் பையன் செய்தால் அனுபவக் குறைவாகவும் வந்தவர் செய்தால் பண ஆசையாகவும் தெரியும்.

பந்தயக்காரர்களின் கோபமும் இப்போது இதில் கலந்துவிட்டது. இன்ன வீரர் இத்தனை புள்ளிக்கு மேல் எடுப்பாரா என்று தனி வீரர் மேல் பணம் கட்டுகிறார்கள். இப்படிக் கல்லூரி வீரர்கள் மேல் கட்டும் பந்தயத்தைத் தடை செய்யுங்கள் என்று 2024 மார்ச்சில் என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் மாநிலங்களிடம் கேட்டார். பணம் போனவர் எழுதும் வசையை ஆட்டத்தின் விமர்சனமாக எடுத்துக்கொண்டு நாமும் பகிரக் கூடாது.

ஒரு வீரரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முன் நான் பார்ப்பவை: அவர் களத்தில் இருந்த நிமிடங்களில் அணி எப்படி ஆடியது, அவரை யார் காத்தார்கள், எத்தனை முறை இரண்டு பேர் வந்தார்கள், வந்தபோது பந்து எங்கே போனது, அவர் காத்த ஆள் எவ்வளவு எடுத்தார். இவ்வளவையும் ஹைலைட்ஸில் பார்க்க முடியாது. குறைந்தது இரண்டாம் பாதியையாவது முழுசாகப் பார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் தீர்ப்பை அடுத்த சீசன் வரை தள்ளி வைக்கலாம்.