முகோ பைன் பழுப்படிக்கிறதா? மருந்து தெளிக்கும் முன் இதைப் பாருங்கள்

டொராண்டோ பக்கத்து வீடுகளின் முன்றலில் குட்டையாக, ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் புதர்ப் பைன் பெரும்பாலும் முகோ பைன்தான். பழுப்படித்தால் உடனே மருந்து வாங்க ஓடாதீர்கள். கெட்டிருப்பது பழைய ஊசியிலையா, புதுக் குருத்தா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இலையுதிர் காலத்தில் செடியின் உட்புறத்துப் பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்வது இயற்கை, அதை விட்டுவிடலாம்.

படி 1: பழைய இலை மொட்டையா?

மே மாதம் புதுக் குருத்து நன்றாக இருக்க, அதற்குக் கீழே இலைகளே இல்லையென்றால் ஐரோப்பிய பைன் சாஃப்ளை புழுதான். கறுப்புத் தலை, சாம்பல் கலந்த பச்சை உடம்பு. ஒரே கிளையில் கூட்டமாக மேயும். கையைக் கிட்டே கொண்டுபோனால் அத்தனையும் ஒன்றாகத் தலையைத் தூக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீர் வாளிக்குள் கிளையைத் தட்டிவிடுங்கள். வீட்டுச் செடிக்கு இதுவே போதும். பி.டி. (Bt) என்ற பாக்டீரியாப் புழுக்கொல்லி மருந்தை வாங்கி ஏமாறாதீர்கள்: அது வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கானது, இதுவோ குளவிக்கு உறவான இனம். பனிக்காலத்தில் இலைகளில் வரிசையாக மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அவை முட்டைகள். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

படி 2: இலையில் வெள்ளைப் புள்ளியா?

சுண்ணாம்பு தெறித்தது போல இருந்து, நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தால் செதில் பூச்சி. ஓட்டுக்குள் இருக்கும்போது எந்தத் தெளிப்பும் சரியாக எட்டாது. லைலாக் செடி பூக்கும் நாட்களில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். செந்நிறத் துகள்கள் ஊர்ந்தால் குஞ்சுகள் வெளிவந்துவிட்டன. பூச்சிக்கொல்லி சோப்பு தெளிக்க அதுதான் நேரம். ஜூலையில் அடுத்த தலைமுறை வரும், அப்போதும் பாருங்கள். ஒன்டாரியோவில் 2009 முதல் அழகுத் தோட்டங்களுக்குப் பல ரசாயனங்கள் தடை. சோப்பும் தோட்ட எண்ணெயும் கடைகளில் கிடைக்கும்.

படி 3: புது நுனி கருகுகிறதா?

குருத்து குட்டையாக நின்று, பழுப்பாகி, பிசின் கசிந்தால் டிப்ளோடியா பூஞ்சை. பழைய பைன் காய்களின் செதில்களில் மிளகுப்பொடி அளவு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். கருகிய நுனிகளையும் காய்களையும் இலையில் ஈரமில்லாத நாளில் மட்டும் வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டினால் நோய் பரவும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள். அப்புறம், தண்ணீரை இலைமேல் அடிக்காமல் வேரடியில் விடுங்கள். கருகிய பின் பூஞ்சைக்கொல்லி அடித்துப் பயனில்லை. அடுத்த வசந்தத்தில் மொட்டு பருக்கும்போதே தொடங்க வேண்டும்.