ட்ரமடாலைப் பட்டென்று நிறுத்தாதீர்கள்

முதலில் உங்கள் வலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். நமக்கு வேண்டியது பொடி எழுத்தில் இருப்பது. ட்ரமடால், டாபென்டடால், கோடீன், மார்ஃபின் என்று இருந்தால் அது ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மருந்து. பாராசிட்டமாலோடு சேர்ந்தும் வரும், அதனால் சாதா வலி மாத்திரை போலத்தான் தோன்றும். ட்ரமடால் 2018 ஏப்ரலிலிருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள் இருக்கிறது. சீட்டு இல்லாமல் என்னைப் போன்ற மருந்துக்கடைக்காரர் தரமாட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் லாரி ஓட்டுகிற ஒரு அண்ணன் சளி மாத்திரை கேட்டு வந்தார். மூக்கு ஒழுகுகிறது, ஓயாத கொட்டாவி. காசு நீட்டிய கையில் மயிர் சிலிர்த்து நிற்கிறது. "அண்ணே, இடுப்பு வலி மாத்திரையை எப்போ விட்டீங்க?" என்றேன். "முந்தாநாள்மா. பழகிடும்னு சொன்னாங்க, அதான்."

அது சளி இல்லை. வாரக்கணக்கில் சாப்பிட்ட ட்ரமடாலைத் திடீரென்று விட்டால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இப்படித் தொடங்கும். வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியாத தவிப்பு. இரண்டாம், மூன்றாம் நாள்தான் கடுமை. அப்புறம் ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். சிலருக்குக் காரணமில்லாத பதற்றமும் வரும், ஏனென்றால் மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யும் வழியிலும் ட்ரமடால் கொஞ்சம் வேலை செய்கிறது. உடம்பு வலியும் சேர்வதால் 'பழைய வலி திரும்பிடுச்சு' என்று மறுபடி மாத்திரையைத் தேடுவார்கள். சிக்கிக்கொள்வது இங்கேதான்.

அதனால் எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய், "குறைச்சுக் குறைச்சு விடணும், அட்டவணை போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். தினம் எத்தனை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு மாதம் பத்தில் ஒரு பங்கு வீதம் குறைப்பதும் உண்டு. மருந்தை உடம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் வகை மாத்திரையை நீங்களாக உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். வயிறு போனால் ஓஆர்எஸ் குடியுங்கள்.

சாப்பிடும் காலத்தில் சாராயமும் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம். மூச்சு மந்தமாகி நின்றே போகலாம். வலிப்பு உள்ளவர், மனச்சோர்வு மருந்து எடுப்பவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், ட்ரமடால் வலிப்பைத் தூண்டும். ஆளை எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் உடனே 108. இன்னொன்று: கொஞ்ச நாள் நிறுத்தியவர் பழைய அளவையே மறுபடி எடுப்பது ஆபத்து. உடம்பு அந்தத் தாங்குதிறனை இழந்திருக்கும்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர் வீட்டில் இதைப் படித்துவிட்டு மாத்திரையை ஒளித்து வைத்துவிடாதீர்கள். அவருக்கு வேளை தவறாமல் கொடுங்கள். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். சீட்டில் மலமிளக்கி இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.